அந்த ஒரு நிமிடத்தில் ஐந்து வேலை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பாராட்டாகத்தான் வைத்தார்கள். அவளும் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு பதினோரு வருஷம் சுற்றினாள். மருந்து கொடுக்கும் இரண்டு ஜன்னல்களில் முதலாவது அவளுடையது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வார்டுக்குப் பதில் சொல்வாள். கை மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும். கண் கம்ப்யூட்டரில் இருப்புப் பட்டியலை மேயும். மேஜைமேல் கிடக்கும் சொந்த செல்போனில் கட்டைவிரல் வீட்டுக்குச் செய்தி தட்டும். "உங்களுக்கு எத்தனை கைம்மா?" என்று யாராவது கேட்டால் அன்றைக்கெல்லாம் பூரித்துப் போவாள்.

அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்த ஒரு தையற்கார அம்மாவுக்கு, பக்கத்துத் தட்டிலிருந்த, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு அட்டை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. இரண்டு நாள் வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவருக்கு வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி, அப்படியே மிஷின்மேல் சரிந்தார். புருவத்தில் ஐந்து தையல். மகள் வீட்டில் இருந்ததால் உயிர் பிழைத்தார்.

வெள்ளிக்கிழமை அவரே ஜன்னலுக்கு வந்து நின்றார், நெற்றியில் கட்டோடு.

"நான் சண்டை போட வரல. உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"அம்மா, நான் வந்து..."

"சிரிச்சுக்கிட்டே குடுத்தேம்மா நீ. போனைப் பாத்துப் பாத்துச் சிரிச்சே. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சொன்னியே, அப்பக்கூட என்னை நிமிர்ந்து பாக்கல. எனக்கு எதைக் குடுத்தேன்னு உனக்கே தெரியாது, இல்ல?"

அவள் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை எங்கேயாவது பார்த்த ஞாபகம் வருகிறதா என்று தேடினாள். வரவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைக் கணவன் படமெடுத்து அனுப்பியது ஞாபகம் இருந்தது. வார்டு நர்ஸ் எத்தனை ஊசி கேட்டாள் என்பதுகூட ஞாபகம் இருந்தது. எதிரே நின்ற மனுஷி மட்டும் இல்லை. அந்த அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, திரும்பி நடந்தார்.

மத்தியானம் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். டைப் அடித்த தாள் ஒன்று மேஜையில் தயாராக இருந்தது. நோயாளி வீட்டிலிருந்த வேறொருவரின் மாத்திரையைத் தவறுதலாகச் சாப்பிட்டிருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போம்மா. விஷயம் இத்தோட முடிஞ்சது."

"கவர் மேல வேளை எழுதிக் குடுத்ததே நான்தான் சார். என் கையெழுத்து அவங்க வீட்ல இருக்கு."

"அதெல்லாம் நான் பேசிக்கறேன். போறப்ப இருப்புப் பட்டியலை அனுப்பிடு. அப்புறம் வார்டுல இருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்காங்களாம், யாரும் எடுக்கலையாம். ஒரே நேரத்துல நாலையும் கவனிக்கற ஆளு நீ, இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு?"

அவளுக்குள் ஏதோ ஒன்று பட்டென்று தெறித்தது. பேனாவை எடுத்தாள். தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில், திங்கள் காலை அந்த ஒரு நிமிடத்தில் தான் செய்துகொண்டிருந்த ஐந்து வேலைகளையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். வார்டு போன், இருப்புப் பட்டியல், கணவனின் படம், இரண்டாம் ஜன்னல்காரருக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தது, ஐந்தாவதாக மருந்து. மாத்திரையைச் சரிபார்க்காமல் கொடுத்தது நான்தான் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியேம்மா!"

"போட்டுக்கறேன் சார். இனிமே ஜன்னல்ல உக்காந்தா மருந்து மட்டும்தான் குடுப்பேன். போன் எடுக்க மாட்டேன்."

"ஏன், யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா? எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்னு இழுத்துப் போட்டுக்கிட்டது நீதானே?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் உச்சந்தலை வரை எரிந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கினாள். ஜன்னலோரத்தில் அடித்துக்கொண்டிருந்த போனைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். வயர் தரையில் இழுபட மாடிக்குக் கொண்டுபோய், மேலாளரின் டீ கிளாசுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"நான்தான் இழுத்துப் போட்டுக்கிட்டேன். தப்பு. இந்தாங்க, திருப்பிக் குடுத்துட்டேன்."

மறுநாள் வரிசை வாசல் வரை நீண்டது. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்தாள், அட்டையின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள், முகத்தைப் பார்த்துக் கொடுத்தாள். நின்றவர்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் ஜன்னல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, பம்பரத்துக்குக் கயிறு அறுந்துடுச்சா?" என்றார்.

"அந்தப் பேரை இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நல்லா இருக்காதுண்ணே."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டில் கணவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "நாலு தடவை கூப்பிட்டேன், போனை எடுக்கவே இல்ல! இஸ்திரிப் பெட்டியை எங்க வெச்சேன்னு கேக்கத்தான்."

"வீட்ல இருக்கறது மூணே அலமாரி. உங்களுக்கும் ரெண்டு கண்ணு இருக்கு. தேடுங்க."

"ஆஸ்பத்திரி கோபத்தை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வாயேன்."

"அங்க வேணுங்கற அளவு விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இது மிச்சம்."

அவன் முறைத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிய உடம்புக்கு உட்காருவதே கூச்சமாக இருந்தது. மகள் கணக்கு நோட்டோடு வந்தாள். சாப்பிட்டு முடித்து வருகிறேன், அப்புறம் உன் கணக்கு மட்டும்தான் என்றாள். சொன்னபடியே போய் உட்கார்ந்தாள். மகள் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மா என்னையே பாக்கறே? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லடி கண்ணு. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது. பெற்ற பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாலே அது தப்புத் தேடுகிறது என்றால், இந்தப் பதினோரு வருஷத்தில் எதைத்தான் பார்த்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்று நாள் அந்தப் போனை மேலாளரே எடுத்தார். நாலாம் நாள் அது மாடி அலுவலகத்தில் வேறொருவர் பொறுப்புக்குப் போனது. அவளுக்கு மெமோ வந்தது. மருந்தகத் தலைமைப் பொறுப்பு அவளுக்குத்தான் என்று பேச்சிருந்தது. அதுவும் இரண்டாம் ஜன்னல்காரருக்குப் போனது. அவள் எழுதிய தாளை மறைக்க முடியாததால், தவறு எங்களுடையதுதான் என்று தையற்கார அம்மாவுக்கு ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மாத்திரைக்கு வந்தார். நேராக இரண்டாம் ஜன்னலுக்குப் போனார். அது சாப்பாட்டு நேரத்துக்காக மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் இவளுடைய வரிசையில் நின்றார். முறை வந்ததும் சீட்டைத் தள்ளினார்.

அவள் படித்து, எடுத்து, மறுபடி படித்து, அட்டையை முன்னால் வைத்தாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சீட்டை ஒரு கையிலும் அட்டையை மறு கையிலும் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினான். "ஏம்மா, அதை வீட்ல போய்ப் படிக்கக் கூடாதா? எங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?"

அவள் எழுந்து நின்றாள். "இருங்க. அவங்க முழுசாப் பாத்து முடிக்கற வரைக்கும் அடுத்த சீட்டை நான் தொட மாட்டேன். வேலை இருந்தா போய்ட்டு வாங்க."

வரிசை முணுமுணுத்து அடங்கியது. அந்த அம்மா அவசரப்படவில்லை. கடைசி எழுத்து வரை பார்த்தார். புருவத்துத் தழும்பு ஒருமுறை நெரிந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றார். அட்டையைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்த்து அல்ல. பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மன்னிப்பு அதில் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கத்திய ஆள் சீட்டைப் படாரென்று வைத்தான். அவனுக்குப் பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு சீட்டைக் கையில் எடுத்து, மேலே எழுதியிருந்த பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.