குலுக்காத பாட்டில்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். வடிதாளில் ஒட்டிய கசடை உலர்த்தி நிறுக்கும்போது பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பாள். தண்ணீரில் கரைந்த உப்பு தாளில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அதற்குத் தனி அளவு. கரையாமல் மிதப்பதுதான் தாளில் தங்கும். ஆனால் பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அப்படியே வைத்திருந்து ஊற்றினால் கசடெல்லாம் அடியில் பதுங்கிக்கொள்ள, மேல்தண்ணீர் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி தெளிந்து நிற்கும்.

அவள் கணவன் காகித ஆலையில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். கசடு வாரும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய முதலாளிக்கு மனம் வராது. ஆனால் வாய்க்காலில் விடும் தண்ணீர் சோதனையில் தேறாவிட்டால் வேலை போவது இவனுக்கு. நல்ல நியாயம்!

"குலுக்காம ஊத்திடேன். யாரு பாக்கப் போறா?"

"ஏங்க, இதுக்கா நான் படிச்சேன்?"

"இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

ஆலையிலிருந்து வந்த பாட்டிலை அன்று அவள் குலுக்கவில்லை. கரைந்தது, மிதந்தது இரண்டுமே அளவுக்குள் வந்தன.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். அதே வாய்க்காலில் ஆலைக்குச் சற்றுக் கீழே அவனுடைய மீன் பண்ணை.

"அக்கா, குட்டையில தண்ணி இறங்கிப் போச்சு. வாய்க்கால் தண்ணிய விடலாமா? நீ சொன்னா மதகைத் திறந்துடறேன்."

எதிரே கணவன் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் தம்பி ஏன் என்று கேட்பானே! வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள்.

"ரிப்போர்ட் நல்லாத்தான்டா இருக்கு" என்றாள், பாவி.

இரண்டு நாளில் தம்பி வாசலில் வந்து நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

"எல்லாம் செத்து மிதக்குதுக்கா. செவுள் பூரா காகிதக் கூழ் அடைச்சிருக்கு."

கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவினான்.

"நீ பாத்தப்ப தண்ணி நல்லாத்தான் இருந்திருக்கும். அப்புறம்தான் எவனோ கலந்துட்டான்" என்றான் தம்பி. "உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு நான் யாருகிட்டயும் வாயே திறக்கல."

அவள் வாய்விட்டு அழுதாள். மீனுக்காக அழுகிறாள் என்று நினைத்து, அவன்தான் முதுகைத் தடவி அவளைத் தேற்றிக்கொண்டிருந்தான்.