சீட்டு வாங்கி வந்த மாப்பிள்ளை

கோன்ராட் என் தங்கை ஒட்டிலியைப் பெண் கேட்டது அருங்காட்சியகத்தின் பொதுச் சமையற்கூடத்தில், முட்டைக்கோசு சீவும் பலகைக்கு அருகே. அந்த நேரத்தில் பார்வையாளர் எவரும் இல்லை. நான் அடுத்த அறையில் தகரக் கோப்பைகளை உயர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். இடையிலிருந்த கதவு திறந்தே இருந்ததால், என் காதில் விழுந்ததை ஒட்டுக்கேட்டல் என்று எவரும் சொல்ல முடியாது.

"ஒட்டிலி, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. "எந்த முறைப்படி?"

"இதுல என்ன முறை இருக்கு?"

"பழைய முறைன்னா யோசிக்கறேன். ஒரு வருஷம் வேற ஊர்ல போய் இரு. அப்பவும் இதே நினைப்பு இருந்தா வந்து கேளு, சரிங்கறேன். நடுவுல பார்த்துக்கிட்டோம்னா மறுபடி முதல்லேர்ந்து."

எங்கள் முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்து, அயோவாவின் இந்த ஆற்றோரத்தில் சில ஊர்களை அமைத்து, நிலத்தையும் ஆலையையும் அடுப்பையும் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்கள். அவர்களது சமயச் சங்கம் திருமணத்தைத் தடுத்ததில்லை, மெச்சியதுமில்லை. மணக்க விரும்பியவர்களை ஓராண்டு பிரித்து, மாப்பிள்ளையை வேறோர் ஊருக்கு அனுப்பிவைக்கும். அதற்குள் ஆசை தணிந்துவிட்டால் சங்கத்தின் மூப்பர்களுக்கு நிம்மதி. நானும் ஒட்டிலியும் கோன்ராட்டும் ஒரே சமையற்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தோம். நாங்கள் பள்ளிப் பருவத்தில் இருந்தபோதே பெரியவர்கள் வாக்கெடுத்துப் பொதுவாழ்வைக் கலைத்துவிட்டார்கள். அதன்பின் வீட்டுக்கு வீடு தனி அடுப்பும் தனிச் சண்டையும் வந்தன. எஞ்சியவை அருங்காட்சியகங்கள். எங்கள் ஓபர்தால் ஊரின் சமையற்கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. ஒட்டிலி அதைச் சுற்றிக்காட்டுகிறாள். கோன்ராட் பின்கட்டில் மரத்தொட்டி செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிலி கணவனை இழந்தவள்; அவர் மனைவியை இழந்தவர்.

மறு திங்கட்கிழமை அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்களில் இன்னொன்றான மிட்டல்பாக்குக்குப் போய்விட்டார். அங்குள்ள கம்பளி ஆலையும் இப்போது அருங்காட்சியகம்தான். அதில் வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்டார்.

"போயே போயிட்டானா?" என்றாள் ஒட்டிலி.

"நீதானே போகச் சொன்னே?"

"சொன்னா உடனே போயிடுவாங்களா? இந்த வயசுல ஒரு வருஷம் யார் கையில இருக்கு?"

"அதைச் சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவள் கழுவிவைத்த பாத்திரங்களையெல்லாம் இன்னொரு முறை கழுவினாள். சொன்ன சொல்லை மாற்றுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. விதி மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்காமலேயே என் தலையில் விழுந்தது.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு சனிக்கிழமை, சீட்டு வாங்கும் வரிசையில் வைக்கோல் தொப்பியும் கழுத்தில் தொங்கும் கேமராவுமாகக் கோன்ராட் நின்றார்.

"முதியோர் சீட்டு ஒண்ணு குடுங்க, சகோதரி."

"கோன்ராட், நீங்க இங்க வரக் கூடாது."

"கோன்ராட் வரலை. பார்வையாளர் ஒருத்தர் வந்திருக்கார். வெளிப் பலகையில 'அனைவரும் வருக'ன்னு போட்டிருக்கே. உங்க கையெழுத்துதானே அது?"

என் கையெழுத்துதான். நான் யோசித்தேன். பழைய விதி, பிரிந்திருப்பவர்கள் வீட்டில் சந்திப்பதையும் சாலையில் சேர்ந்து நடப்பதையும் தடுத்தது. சுற்றிப்பார்க்க வரும் வெளியாரைப் பற்றி வேறு விதி இருந்தது: அவர்களிடம் பெண்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லலாம். இவர் வெளியாராக வந்தால் வெளியாருக்குரிய விதிதான் பொருந்தும். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அவரைக் கண்டதும் ஒட்டிலி அகப்பையை மறு கைக்கு மாற்றினாள். குரலை மட்டும் மாற்றவில்லை.

"ஆம்பளைங்க அந்த மேசை, பொம்பளைங்க இந்த மேசை. சாப்பிடும்போது பேச்சே கிடையாது."

கோன்ராட் கையை உயர்த்தினார். "ஒரு சந்தேகம், அம்மா. மனைவி இல்லாதவங்க தனியா உட்கார்ந்தா சாப்பிட்டாங்க?"

"இல்லைங்க ஐயா. எல்லாரும் சேர்ந்துதான். உங்க ஊர்ல அப்படி யாராவது தனியா சாப்பிடறாங்களா?"

"ஒருத்தன் இருக்கான். டப்பால அடைச்ச சூப்பைச் சூடு பண்ணிக் குடிக்கறான்."

"அதுல உப்பு ஜாஸ்தி. உடம்புக்கு ஆகாதுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன், அம்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

"குளிர் வருது. கம்பளி பனியன் போட்டுக்கச் சொல்லுங்க."

அருகில் நின்ற டெமாயின் நகரத்து அம்மாள், "என்ன அக்கறையா விளக்குறாங்க பாருங்க," என்று தன் கணவரிடம் சொன்னார்.

அதன்பின் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஒட்டிலியின் விளக்கம் வாரத்துக்கு வாரம் நீண்டது. முழங்கால் வலிக்குப் பூசும் தைலம், துணியில் பித்தான் தைக்கும் முறை என்று சமையலுக்கு ஒட்டாத செய்திகளெல்லாம் அதில் புகுந்தன.

"ஒட்டிலி, சுத்திக்காட்ட ரொம்ப நேரமாகுது."

"ஜனங்க கேக்கறாங்க, சொல்றேன்."

"கேக்கறது ஒரே ஜனம்."

"அவரும் சீட்டு வாங்கியிருக்கார், அக்கா."

சனவரியில் கடும்பனி. அந்தச் சனிக்கிழமை கோன்ராட்டைத் தவிர ஒருவரும் வரவில்லை.

"இன்னிக்குச் சீட்டு கிடையாது," என்றேன். "ஒரே ஆளுக்குச் சுத்திக்காட்டினா அதுக்குப் பேர் சந்திப்பு. கூட ஒருத்தராவது இருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். ஆளரவமற்ற சாலையைப் பார்த்தார். தொப்பியை அழுத்திக்கொண்டு வெளியே போனார். உறைந்து திரும்புவார் என்று நினைத்தேன். சாலையில் பனி வாரிக்கொண்டிருந்த வண்டியின் ஓட்டுநரை முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தார். டேரில் என்ற அந்த ஆள் தடித்த மனிதர், எங்கள் ஊர்க்காரர் அல்லர்.

"எனக்குக் கழிவறை மட்டும் போதும்னு சொன்னேன்," என்றார் டேரில்.

"அது இடது பக்கம். வந்ததும் சமையற்கூடத்தைப் பாருங்க. சீட்டு என் செலவு," என்றார் கோன்ராட்.

விதிப்படி இருவர் ஆகிவிட்டதால் நான் அனுமதித்தேன். அடுப்பின் மேல் ஒட்டிலி எங்களுக்காக வைத்திருந்த உருளைக்கிழங்கு உருண்டைச் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோன்ராட் தும்மினார். தும்மலுக்கு அந்தக் காலத்தில் என்ன கொடுத்தார்கள் என்று தானே கேட்டார். எல்டர் செடியின் பூவில் போட்ட கஷாயம் என்றாள் ஒட்டிலி. யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்டார். போட்டுக்கொடுக்க ஆள் இருந்தவர்களுக்கு அந்த ஆள் போட்டுக்கொடுத்தார் என்றாள்.

டேரில் என் பக்கம் சாய்ந்தார். "இவங்க ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பேசிக்கறாங்க?"

சுருக்கமாகச் சொன்னேன்.

"ஒரு வருஷம் பார்த்துக்காம இருக்கணுமா? எத்தனை நாளா இப்படி வர்றாரு?"

"வாராவாரம்."

"அப்புறம் அது என்னங்க பிரிவு? என் சம்சாரம் என்னை இவ்வளவு பார்க்கறதே இல்லை."

அவர் மெதுவாகப் பேசிப் பழகாதவர். சமையற்கூடம் முழுவதும் கேட்டது. ஒட்டிலி கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள். கோன்ராட்டின் முகத்திலிருந்து பார்வையாளர் மறைந்துவிட்டார்.

"அக்கா," என்றாள் ஒட்டிலி, "நீ சொல்லு."

நான் சீட்டுக் கிழித்த முதல் நாளே இதை யோசித்திருக்க வேண்டும். வெளியாருக்கான விதியைச் சரியாகப் பொருத்திய நான், அந்த ஓராண்டு எதற்காக ஏற்பட்டது என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆனாலும் பொய் சொல்ல என்னால் ஆகாது.

"அவர் சொல்றது சரி. அந்த வருஷம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

கோன்ராட் தொப்பியைக் கழற்றினார். "அப்ப இன்னிலேர்ந்து ஆரம்பிக்கறேன், சகோதரி. இந்தத் தடவை நிஜமாவே வரமாட்டேன்."

கதவுவரை நடந்தார். அவர் சொன்னால் செய்யக்கூடியவர் என்பது மிட்டல்பாக் போனபோதே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

"நில்லு," என்றாள் ஒட்டிலி. "எங்க போறே?"

"நீ கேட்ட வருஷத்தைக் குடுக்கப் போறேன்."

"எனக்கு அது வேண்டாம். சனிக்கிழமை இல்லாத வருஷத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"முறைன்னு சொன்னியே."

"ஆசை ஆறுதான்னு பார்க்கத்தானே முறை? ஆறலை. உனக்கு ஆறிச்சா?"

"சளிதான் பிடிச்சிருக்கு."

"அப்பச் சரி. கல்யாணம் பண்ணிக்கலாம். உட்காரு, சூப்பு தர்றேன்."

காட்சிக்கு வைத்த மேசையில் எவரும் உட்காரக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோன்ராட் பெண்கள் மேசையில் உட்கார்ந்துவிட்டார். டேரிலும் அவர் எதிரே உட்கார்ந்து கரண்டியைக் கையில் எடுத்தார். ஒட்டிலி எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

உட்கார்ந்தது உட்கார்ந்ததாகவே இருக்கட்டும். உணவுக்கு முன் சொல்லும் நன்றிமொழியையாவது முறைப்படி சொல்வோம் என்று எழுந்து நின்றேன். மூப்பர்கள் சொல்லிய நீண்ட வடிவம் அது; அதில் ஒரு வரியைக்கூட விட எனக்கு உரிமையில்லை. நான் முடித்தபோது சூப்பில் ஆடை படிந்திருந்தது. மணமக்கள் இருவரும் தலை குனிந்து காத்திருந்தார்கள். டேரில் மட்டும் இரண்டாம் முறை தானே ஊற்றிக்கொண்டிருந்தார்.