நிற்கத் தெரியாத மாவு

இப்போதெல்லாம் ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது, நோய் வருமுன்னே டாக்டரிடம் ஓடுகிறார்கள் என்று முகம்மது சுல்தான் திட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், சூலியா ஸ்ட்ரீட் பின்சந்தில் இருந்த அவருடைய ரொட்டி சானாய் கடையில், அதாவது வீச்சு ரொட்டிக் கடையில், மாவு தானாகப் பெருகிக்கொண்டிருந்தது. புதுச் சங்கதி அல்ல. அந்தக் குடும்பத்துப் பெண்களில் சிலர் பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி மூடிவைத்த உருண்டைகள் விடிகாலைச் சுபுஹுத் தொழுகைக்குள் ஒவ்வொன்றும் இரண்டாகிவிடும். சிலர் கைக்கு ஆகும், சிலர் கைக்கு ஆகாது. ஆனவர்களைப் பரக்கத் உள்ள கை, தொட்டதைப் பெருக்கும் அருள் உள்ள கை என்று கொண்டாடி அடுப்படியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பிசைவதில்லை, ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசுவதோடு சரி. அதனால் அது பெண்களுக்கு மட்டும் வருவது என்றே எல்லோரும் நம்பினார்கள். பரக்கத் கைக்காரிகளில் பலர் நடுவயதில் மாரில் கட்டி வந்து மௌத்தானதை யாரும் மாவோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

சுல்தானின் அக்காள் ஹாஜராவின் கை அப்படிப்பட்டது. மாரில் என்னவோ தட்டுப்படுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று ஒருநாள் சொன்னாள். நோன்பு மாதம், துறக்கிற நேரத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. "பெருநாள் கழியட்டும் லாத்தா, கட்டி எங்க ஓடிடப் போவுது" என்றார் சுல்தான். அது ஓடவில்லை, பெருகியது. அவளை அடக்கிவிட்டு வந்த பிறகும் அவள் கடைசியாக உருட்டிய தட்டு பெருகுவது நிற்கவில்லை. அவளுக்காகக் கத்தம் ஓத வந்தவர்கள் எல்லோரும் அந்த ரொட்டியைத்தான் தின்றார்கள். சுல்தான் மட்டும் தொடவில்லை. அதற்கப்புறம் அவர் ரொட்டியே தின்றதில்லை.

பத்து காவான் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மகள் ஷஹீதா லீவு நாளில் பிசைந்த மாவும் இரண்டானபோது அவர் தட்டை மறுபடி மூடிவைத்தார். மாமியை நினைத்து அவளாகவே போய் ரத்தச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். உடம்பிலுள்ள செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துதான் வளர்கின்றன, பிரியும்போது விழுகிற பிழையைத் திருத்த ஒரு மரபணு இருக்கிறது, உங்கள் வீட்டில் அது பழுதாகவே இறங்கி வருகிறது என்றார் டாக்டரம்மா. பழுது உள்ள எல்லோருக்கும் புற்று வராது, வர வாய்ப்பு அதிகம். மாரை முன்கூட்டி எடுத்துவிட்டால் பயம் வெகுவாகக் குறையும். தாய் வழியில் யாருக்கும் இல்லை, அத்தா வழியாகத்தான் வந்திருக்கிறது.

"நல்லா இருக்கிற மாரை எவனாச்சும் வெட்டுவானா? நான் ஆம்பள, என்கிட்ட அது எப்படி இருக்கும் லா?"

"ஹாஜரா மாமியும் நல்லாத்தான் இருந்தாங்க, அத்தா."

அவர் கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க போன்னாதான் ஆப்பரேஷனுக்குப் போவேன்" என்றாள். "ஒரே ஒரு தடவ நீங்க பிசைங்க. பெருகலேன்னா உங்ககிட்ட அது இல்ல, டாக்டர் சொன்னது பொய்."

பொய்யென்று காட்டிவிடும் வீராப்பில் பிசைந்தார், கோணல்மாணலாக உருட்டினார், மூடினார். விடிந்ததும் இருவரும் மூடியைத் தூக்கினார்கள். தட்டு வழிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் ஒரு உருண்டை இடுப்பு ஒடுங்கி இரண்டாயிற்று.

ஷஹீதா மூடியைக் கீழே வைத்தாள்.

"மாவு கம்பெனி மாத்திட்டானுங்க. தண்ணியும் சரியில்ல" என்றார் சுல்தான். கையைக் கைலியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "டாக்டர்கிட்ட நாள் கேளு. பெருநாள் வரைக்கும் இழுத்துடாத."

அன்றைக்குக் கடைக்கு வந்த யாருக்கும் ரொட்டி இல்லையென்று சொல்லவேண்டி வரவில்லை. அந்த டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று முணுமுணுத்தபடி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுல்தான் பின்சந்தைக் கடந்து நடந்து போனார்.