இரவல் பீரோ

காலை எட்டு மணிக்குப் பிரகாசம் தன் குடிசைக் கூரையின் மேல் ஏறி, போன மழைக்கு விரித்த நீலத் தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தான். கீழே நின்ற அவன் மனைவி வேளாங்கண்ணி மேலே பார்த்தாள். கருவடிக்குப்பத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னாங்க, மழை வர்ற நேரத்துல இருக்கறதையும் அவுக்கிறீங்களே?"

"ஓட்டை தெரியணும்டி. தெரிஞ்சாதான் மானியம்."

அரசாங்கத்தின் வீட்டுத் திட்டம் பெருந்தன்மையானது. பாதி மானியம், மீதி, அரசாங்கமே ஜாமீன் நிற்கும் வங்கிக் கடன். மானியம் தரும் துறைக்கு, மனுதாரர் ஒழுகும் குடிசையில் வாழும் பரம ஏழையாக இருக்க வேண்டும். கடன் தரும் வங்கிக்கு, அதே மனுதாரர் மாதாமாதம் தவணை கட்டுகிற வசதிக்காரராக இருக்க வேண்டும். ஒரே ஆள் எப்படி இரண்டுமாக இருப்பது என்று விண்ணப்பத்தின் பதினோரு பக்கங்களில் எங்கும் போட்டிருக்கவில்லை. மூன்று வருடம் நடந்து, பிரகாசம் தானே கண்டுபிடித்தான்: காலையில் ஏழை, மாலையில் வசதி. துறையிலிருந்து ஜே.ஈ. என்கிற ஜூனியர் இன்ஜினியர் ஜானகிராமன் பத்து மணிக்கு வருகிறார், வங்கியிலிருந்து கமலக்கண்ணன் நாலு மணிக்கு. கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு மாளிகைகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துப் புதுசாக்குகிறவனுக்கு, நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் ஒரு குடிசையின் முகத்தை மாற்ற முடியாதா என்ன?

மாலை வசதிக்குப் பக்கத்து வீட்டு விக்டர் தன் இரும்பு பீரோவைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். முப்பது வருடம் சமையல் கூடத்தில் இருந்தவர் என்றாலும், தெருவில் போர்முனையிலிருந்து திரும்பியவர் போலத்தான் நடப்பார்.

பத்து மணிக்கு ஜே.ஈ. வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. வேளாங்கண்ணி நல்ல புடவையை ஒளித்துவிட்டுக் கிழிந்ததைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணிக்குப் பிரகாசம், இனி அவர் இன்றைக்கு இல்லை என்று முடிவு கட்டி, மூன்று பேரைப் பிடித்துப் பீரோவைத் தூக்கி வந்து குடிசை நடுவில் நிறுத்தினான்.

இரண்டு மணிக்கு ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஜானகிராமனும் கமலக்கண்ணனும் சேர்ந்து இறங்கினார்கள்.

"ஒரே எடம்தானேன்னு சேர்ந்தே வந்துட்டோம். டீசல் மிச்சம் பாரு" என்றார் ஜானகிராமன். உள்ளே குனிந்து நுழைந்தவர் நிமிர்ந்ததும் பீரோவைப் பார்த்தார். "ஏம்பா, கண்ணாடி வச்ச பீரோவா? என் வீட்லயே இல்ல."

"ஐயோ, அது எங்களுது இல்ல சார். எரவல்."

கூரை ஓட்டை வழியாக வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கமலக்கண்ணன் திரும்பினார். "அப்ப உன்னுதுன்னு என்னதாம்பா இருக்கு?"

பிரகாசம் பாதி கமலக்கண்ணன் பக்கமும் பாதி ஜானகிராமன் பக்கமும் திரும்பினான்.

"ஒண்ணும் இல்லாததாலதான சார் எழுதிப் போட்டோம்?" என்றாள் வேளாங்கண்ணி.

"அத எங்கிட்ட தனியா சொல்லணும்மா" என்றார் ஜானகிராமன் வருத்தத்துடன். "அவர வச்சிக்கிட்டா சொல்லுவ?"

இருவரும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி எழுதினார்கள். மானிய ஃபைலில் 'வசதி உள்ளவர்' என்றும், கடன் ஃபைலில் 'வசதி இல்லாதவர்' என்றும் ஏறியது. அடுத்த பட்டியல் எப்போது என்று பிரகாசம் கேட்டான். எலெக்‌ஷன் வரட்டும் என்றார்கள். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

குடையோடு ஓடி வந்தார் விக்டர். "டேய்! கல்யாண பீரோடா அது! துரு ஏறுச்சின்னா எவன் பொறுப்பு? மூடுடா மொதல்ல!"

"தூக்கிட்டுப் போயிடலாமா பெரியப்பா?"

"இந்த மழையிலயா? உனக்கு மூளை இருக்கா?"

தார்ப்பாயைக் கூரைக்கு ஏற்ற நேரமில்லை. பிரகாசம் அதைப் பீரோவின் மேல் போர்த்திக் கயிறு சுற்றினான். விக்டர் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் குடை பிடித்துப் போய்விட்டார். ஓட்டைகள் எல்லாம் ஒழுகின. அடுப்பு நனைந்தது, பாய் நனைந்தது, மாதா படம் நனைந்தது. பீரோ மட்டும் நனையவில்லை.

வேளாங்கண்ணி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி விண்ணப்ப நகலை உள்ளே செருகினாள். கொஞ்சம் யோசித்து, தன் தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டாள். அடுத்த பக்கத்தில் பிரகாசத்தின் தலை ஏற்கெனவே இருந்தது.