பக்கத்து இருக்கையின் எடை

இந்தக் காலத்தில் சொந்தக் காசு போட்டு வாங்கிய பொருளைத் தொடுவதற்குக்கூட எவனோ ஒருவன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற ஒரு இன்சூரன்ஸ் பையன், வாழ்நாள் பூராவும் பறந்தவனைக் கூப்பிட்டு, "புது விமானமா? வாத்தியாரோட அஞ்சு மணி நேரம் பறங்க, அப்புறம் தனியாப் போங்க" என்கிறான். அதை நினைத்தாலே எல்ராய் பாச்சுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கும். கூட்டாளி வெண்டெலைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தது.

எல்ராயும் வெண்டெலும் கூட்டாக ஒரு குட்டி விமானம் வைத்திருந்தார்கள். டாக்டர் சான்றிதழ் கேட்காத வகை; கார் லைசென்ஸ் இருந்தால் போதும். துணி போர்த்திய அந்தப் பழசை விற்றுவிட்டு, இறக்கை கீழே இருக்கிற வழவழப்பான ஒன்றை வாங்கினார்கள். அதுவும் அதே வகைதான். பிறகு எதற்கு ஐந்து மணி நேரம்?

"வாத்தியாருக்கு எதுக்குடா தண்டம் அழணும்? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், நீ ஓட்டு" என்றார் எல்ராய்.

சோளம் முழங்கால் உயரம் இருந்த நாளிலிருந்து ஆள் உயரம் வளரும்வரை, வெண்டெல் ஓட்ட எல்ராய் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லா முறையும் பஞ்சு மாதிரி இறக்கினார் வெண்டெல். பிறகு ஒரு நாள் தனியாகப் போனார். ஓடுபாதைக் கோடியில், சோளத்தை ஒட்டிய பள்ளத்தில் விழுந்தார்.

இன்று வெண்டெலின் மனைவி ஆர்லீன் விமானக் கொட்டகைக்கு வந்திருந்தாள். முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று விமானிகள் வழக்கப்படி கத்தரித்துச் சுவரில் மாட்டிய வெண்டெலின் சட்டை முதுகுத் துண்டைக் கழற்றி, மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"அவருக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு என் மகன் சொல்றான். பயிற்சி இல்லைன்னு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுட்டான். நீ காத்துங்கற. எனக்குப் பணம் வேண்டாம் எல்ராய். அவர் ஏன் விழுந்தாருன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"காத்துதான். அதுல என்ன சந்தேகம்?"

பறக்கக் கற்றுத்தரும் டேனா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளிடமும் அதே மாதிரி விமானம் ஒன்று இருந்தது.

"எல்ராய், உங்க எடை என்ன?"

"ஏன், சந்தையில நிறுத்தி விக்கப் போறியா?"

"சும்மா சொல்லுங்க."

"இருநூத்தி நாப்பது பவுண்டு. அதுவும் சாப்பாட்டுக்கு முன்னாடி."

"வாங்க, ஒரு சுத்து போவோம்."

போனார்கள். டேனா இறக்கினாள். விமானம் புல்லில் வந்து மெத்தென்று அமர்ந்தது, வீட்டு நாய் பாயில் படுக்கிற மாதிரி.

"பாத்தியா? அஞ்சு நிமிஷத்துல முடியறதுக்கு அஞ்சு மணி நேரமாம்" என்றார் எல்ராய்.

"இப்ப இறங்குங்க. இதே வேகத்துலதான் வருவேன். நான் மட்டும்."

எல்ராய் இறங்கிப் போய் வேலியோரம் ஆர்லீன் பக்கத்தில் நின்றார். தனி ஆளோடு விமானம் விசுக்கென்று எழும்பியது. அந்த எழும்பலே அவருக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வந்ததும் இறங்குவது நின்றுவிட்டது. இறங்க மாட்டேன் என்கிறது. மிதக்கிறது. கொட்டகையைத் தாண்டியது, டீசல் தொட்டியைத் தாண்டியது, பாதி ஓடுபாதையைத் தின்றுவிட்டு இன்னும் மிதந்தது. எல்ராயின் வலது கை தானாக மடங்கி, விமானம் ஓட்டும் குச்சி அங்கே இருப்பது போலப் பின்னால் இழுத்தது. இழுத்தால் மூக்கு தூக்கும். தூக்கினால் வேகம் செத்து, கல்லாக விழும். பள்ளத்துக்கு முன்னால் டேனா இழுக்கவில்லை. எஞ்சினை முடுக்கி மேலே போய்விட்டாள்.

எல்ராயின் கை மடங்கியதை டேனா பார்த்திருக்க முடியாது. ஆர்லீன் பார்த்தாள்.

டேனா வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கி, நடந்து வந்தாள். "பக்கத்துல அந்த எடை இருந்தவரைக்கும் அந்த வேகம் சரி, ஆர்லீன். தனியா வந்தா பாரம் குறைஞ்சு இறங்காம மிதக்கும், வேகத்தைக் குறைக்கணும். வாத்தியார் முதல் நாளே சொல்ற விஷயம் இது. அவருக்கு யாரும் சொல்லல."

"அந்த எடைன்னா யாரோட எடை? என்னைப் பாத்துப் பேசு" என்றார் எல்ராய்.

"உங்களோடது."

ஆர்லீன் சட்டைத் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"அப்ப அவர் புத்தி நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

"நல்லா இருந்துது" என்றாள் டேனா.

"உனக்கும் காத்து தூக்கியிருக்கு. நானே பாத்தேன்" என்றார் எல்ராய்.

ஆர்லீன் ஓடுபாதையோரக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். காற்றடிக்கும் திசையைக் காட்டும் துணிப் பை நனைந்த காலுறை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்ராய், அது ஆடவே இல்லையே."

"மேல அடிக்கும். கீழ இருந்து தெரியாது."

"ரெண்டடி மேலயா?"

எல்ராய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தார். கம்பத்தடி வழியாகப் போவதுதான் குறுக்கு. அவர் சுற்றிக்கொண்டு போனார்.

"காத்துதான்" என்றார், யாரும் கேட்காத தூரம் போன பிறகு.