மூன்றாவது பெயர்

எங்கள் காங்கோவின் கின்ஷாசா நகரத்தில், லெம்பா பேட்டையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "உனக்குப் பிடித்த கிட்டார்காரன் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு உடனே கிளம்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒருவன் ஒரு பெயரைச் சொல்வான், பக்கத்து மேஜைக்காரன் "அவனெல்லாம் ஒரு ஆளா?" என்று நாற்காலியைத் திருப்புவான், அப்புறம் பீர் சூடாகிப் போகும்வரை சண்டைதான். கின்ஷாசாவில் சாமியைப் பற்றிக்கூட இவ்வளவு சத்தமாகப் பேச மாட்டார்கள். ஆனால் இந்த ஆறு வருடமாக ஒரே ஒரு பெயரில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். பொசெங்கே. லிசாங்கா குழுவின் முதல் கிட்டார்.

காரணம் ஒரு பாட்டு. அதில் குழுத் தலைவர் மொலெந்தே, சுங்க அதிகாரியைக் கட்டிக்கொள்ளப் போகும் ஒரு பெண்ணிடம் நாலு நிமிடம் கெஞ்சுவார். கெஞ்சி முடித்ததும் செபென் வரும். அதாவது பாட்டு ஓய்ந்து கிட்டார்கள் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஆடும் இடம். அந்த செபெனில் ஒரு சின்ன இழை உண்டு. பத்துப் பன்னிரண்டு சுரம்தான். மேலே ஏறி, இறங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, சிரித்துக்கொண்டே இறங்கும். கேட்டால் இடுப்பு சும்மா இருக்காது. சரியாக அந்த இடத்தில், பாட்டுக்கு நடுவே பெயர்களைக் கூவும் அத்தலாக்கு, கேசட்டில் தொண்டை கிழியக் கத்துகிறான்: "பொசெங்கே! பொசெங்கே! கொன்னுட்டான்யா!"

அந்த இழையை வாசித்தது பொசெங்கே இல்லை. லுக்காவு.

லுக்காவு நடு கிட்டார்காரன். எங்கள் ஊர்க் குழுக்களில் மூன்று கிட்டார்: அடியில் தாளத்தைத் தாங்குவது ஒன்று, மேலே பறப்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒன்று. நடு கிட்டார்காரன் நாலாம் தந்தியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய தந்தி ஒன்றைக் கட்டிக்கொள்வான். அதனால் சில இடங்களில் அது முதல் கிட்டார் மாதிரியே உயரத்தில் ஒலிக்கும். அத்தலாக்கு மறுநாள் வந்து, பதிவானதை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே கூவியவன். உயரமாக ஒலித்தது, பொசெங்கே என்று நினைத்தான், கத்திவிட்டான். கேசட் வெளியே போனது, ஊரும் நம்பிவிட்டது.

முதல் வாரம் பொசெங்கே திருத்தத்தான் நினைத்தான். இரண்டாம் வாரம் சந்தையில் மீன்காரி, "அந்த இடத்தை வாசிச்ச கைதானே இது?" என்று கையைப் பிடித்து முத்தம் கொடுத்து, ஒரு மீனையும் கூடப் போட்டாள். மூன்றாம் மாதம் முடிதிருத்தும் கடைச் சுவரில் அவன் படத்தை வரைந்துவிட்டார்கள். சுவரில் ஏறிய பிறகு எவன் இறங்குவான்? லுக்காவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒத்திகை முடிந்ததும் தந்தியைத் துடைத்து, கிட்டாரை உறையில் போட்டு, பேசாமல் வீட்டுக்குப் போகிற ஆள் அவன். அந்த மௌனத்தைப் பொசெங்கே சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அது வசதியாக இருந்தது.

பிறகு பிரஸ்ஸல்ஸ் பயணம் வந்தது. ஆறு மாதம், ஒன்பது பேருக்கு விசா. வியாழக்கிழமை தலைவர் மொலெந்தே பொசெங்கேயைத் தனியாக அழைத்தார்.

"லுக்காவு வரல."

"ஏன் தலைவரே?"

"என் மச்சான் வரான்."

"உங்க மச்சான் என்ன வாசிப்பாரு?"

"மராக்கஸ் கிலுகிலுப்பை குலுக்குவான். அங்க போய் இறங்கிட்டா அவன் பொழப்பை அவன் பாத்துப்பான். எங்க வீட்டுக்காரி மூணு மாசமா என்னைத் தூங்க விடல, உனக்கென்ன தெரியும்?"

"அப்ப அந்த இழை?"

"நீ வாசி. ஊரே நீதான் வாசிக்கிறேன்னு நம்புது. இதுல யாருக்குடா நஷ்டம்?" தலைவர் அவன் தோளில் தட்டினார். "திரும்பி வந்தப்புறமும் நடு கிட்டார் இல்லாமலே ஓட்டிடலாம்."

யாருக்கு நஷ்டம் என்று பொசெங்கேவுக்கு நன்றாகவே தெரியும். பன்னிரண்டு வருடம் ஒரே குழுவில் நடுவில் நின்றவன் லுக்காவு. பெயரே கேள்விப்படாத கிட்டார்காரனை இந்த ஊரில் வேறு எந்தக் குழு கூப்பிடும்? ஆறு மாதத்தில் அவன் கிட்டாரை விற்றுவிட்டு டாக்ஸி-பஸ்ஸில் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் சுவரில் இருக்கும் படம் போய்விடும். பொசெங்கே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

சனிக்கிழமை மதியம் முற்றத்தில் உட்கார்ந்து, தன் கிட்டாரின் நாலாம் தந்தியை மாற்றிக் கட்டி, அந்த இழையை வாசித்துப் பார்த்தான். சுரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. அவன் மனைவி எம்போயோ எதிரே உரலில் மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அது, புதுசா கத்துக்கிறவனா?" என்றாள் நிமிராமலே.

"நான்தான்டி வாசிக்கிறேன்."

"தெரியுது. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா லுக்காவு அண்ணன் வாசிச்சா இந்த உலக்கை தானா ஓடும். நீங்க வாசிச்சா நான்தான் தூக்க வேண்டியிருக்கு."

பொசெங்கேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்றவளுக்கு உங்க கை தெரியாதா? அது உங்க கை இல்ல."

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி இடிக்க ஆரம்பித்தாள்.

அவன் மாலை வரை முயன்றான். மெதுவாக வாசித்தான், பின்தங்கி வாசித்தான், கண்ணை மூடிக்கூட வாசித்தான். அந்தத் தயக்கம் மட்டும் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, லுக்காவு அங்கே தயங்குவதே இல்லை. மத்தளக்காரன் தாளத்தட்டின் மிதியிலிருந்து இடது காலைத் தூக்குகிறானா என்று காது கொடுத்துக் கேட்கிறான். அந்தக் கால் விழுந்த பிறகுதான் இறங்குகிறான். ஒவ்வொரு நாளும் அது ஒரு மயிரிழை மாறும், அவனும் மாறுவான். தனியாக முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தக் காலைக் கேட்பது?

ஞாயிறு நண்பகல் வானொலியில் நேரலை. நிகழ்ச்சி நடத்தும் ஜிஜி வாயில் நெல் போட்டால் பொரிகிற பெண். பயணம் போகும் குழுவுக்கு வழியனுப்பு என்று பொசெங்கேயைக் கிட்டாரோடு வரச் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, எல்லாரும் உங்க பேரைச் சொல்றாங்க. உங்களுக்குப் பிடிச்ச கிட்டார்காரங்க மூணு பேரைச் சொல்லுங்க. பேரை மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஏன்னும் சொல்லணும்."

"படகுக்கார லிசிமோ," என்றான் பொசெங்கே. "எம்பந்தாக்கா போற படகுல வாசிச்ச பெரியவர். ஒரு பக்கம் என்ஜின் சத்தம், ஒரு பக்கம் ஆடு கத்தும். அவர் அதோட மல்லுக்கே நிக்க மாட்டார். என்ஜினையே மத்தளமா வெச்சுக்கிட்டு மேல வாசிப்பார். என்ஜின் நின்னா அவரும் நிப்பாட்டிடுவார். 'மத்தளக்காரன் தூங்கிட்டான், நான் என்ன பண்ண'ன்னு கேப்பார்."

ஜிஜி விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டாவது?"

"கிசங்கானி தேவாலயத்துல அயோம்பா அக்கா. பெருவிரல் கேள்வி கேக்கும், மத்த விரலெல்லாம் பதில் சொல்லும். ஒரு சுரம் வீணாக்க மாட்டாங்க. நானெல்லாம் நூறு சுரத்தைக் கொட்டி இருபதைப் பொறுக்கற ஆளு. அவங்க இருபதுதான் எடுப்பாங்க, இருபதும் உக்காரும்."

"மூணாவது?"

பொசெங்கே கிட்டாரின் முறுக்காணியைத் திருகினான். நல்லவேளையாகத் தொலைபேசி அடித்தது. நல்லவேளை என்று அவன் நினைத்தான், பாவம்.

"மசீனாவிலிருந்து கரி விக்கிற மயாலா பேசறேன் தம்பி," என்றது ஒரு கிழட்டுக் குரல். "பொண்டாட்டி செத்த வருஷம் நான் வீட்டை விட்டு வெளியிலயே வரல. பக்கத்து வீட்டுல உங்க பாட்டு ஓடுச்சு. அந்த இடம் வந்தப்ப என் காலு தானா ஆடுச்சு. எனக்கு என் காலைப் பாத்தே கோவம் வந்துச்சு, வெக்கங்கெட்ட காலுன்னு. ஆனா அன்னைக்குத்தான் ஒரு வாய் ஃபூஃபூக் களி இறங்குச்சு. இப்ப ஒரே ஒரு தடவ வாசிங்க தம்பி."

பொசெங்கே வாசித்தான். சுரம் பிசகவில்லை.

"ம். நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் பெரியவர். நோயாளியைப் பார்க்க வந்தவர் சொல்வதுபோல இருந்தது அது.

பொசெங்கே கிட்டாரை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"ஐயா, அது என்னோடது இல்ல. ஜிஜி, மூணாவது பேரு கேட்டியே. லுக்காவு. எங்க நடு கிட்டார். அதை வாசிச்சது அவன்."

"அண்ணே, கேசட்டுல உங்க பேரைத்தானே..."

"அது பதிவானப்ப நான் உள்ளேயே இல்ல. தெருமுனையில மிகாத்தே தின்னுட்டு இருந்தேன். கையெல்லாம் எண்ணெய். தப்பாக் கூப்பிட்டாங்க, நானும் நான்தான்னு நின்னுட்டேன். ஆறு வருஷமா நிக்கிறேன்."

வானொலியில் பேச்சு நின்றால் ஊரில் எல்லாரும் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். அன்று லெம்பா முழுக்கத் தட்டியிருப்பார்கள். பிறகு பெரியவர்தான் கேட்டார்: "அப்படி என்ன செய்யறான் அந்தப் புள்ள?"

"கேக்கறான் ஐயா. நாங்கெல்லாம் நம்ம முறை எப்ப வரும்னு காத்துக்கிட்டு நிப்போம். அவன் அடுத்தவன் எப்ப மூச்சு விடறான்னு கேட்டுக்கிட்டு நிப்பான். அந்த இடத்துல ஒரு சுரம் வைப்பான். நான் நல்லா வாசிச்சேன்னு நீங்க சொன்ன நாளெல்லாம் கீழ அவன் இருந்திருக்கான். பிரஸ்ஸல்ஸ் பட்டியல்ல அவன் பேரு இல்ல. அவன் வரலன்னா உங்க காலை ஆட வெச்சது விமானம் ஏறாது. அவ்வளவுதான்."

வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தான். தலைவர் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தார். பன்னிரண்டாவதை எடுத்தான்.

"அடப்பாவி! என் மானத்தையே வாங்கிட்டியேடா! உன் பேரையும் அடிச்சுட்டா என்ன பண்ணுவ?"

"அடிச்சுக்கோங்க தலைவரே," என்றான் பொசெங்கே. சொன்ன பிறகுதான் உறைத்தது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவன் விமானத்தில் ஏறியதில்லை.

நாலு மணிக்கு மதுக்கடை முற்றத்தில் ஒத்திகை. வழக்கமாக நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அன்று மதில்மேலும் மாமரத்திலும் ஆள். பொசெங்கே உள்ளே நுழைந்ததும் எவனோ, "மிகாத்தே நல்லா இருந்துச்சா?" என்று கத்த, முற்றமே கொல்லென்று சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மேடைக்குப் போனான். லுக்காவு தந்தி முறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ரேடியோவுல இறங்கறப்ப அவசரப்பட்டுட்ட," என்றான்.

"தெரியும்."

"ஆறு வருஷம்." லுக்காவு ஆணியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினான். "ஆறு வருஷம்டா. என் பொண்ணுகூட நம்பல. அப்பா பொய் சொல்றார்னுட்டா."

பொசெங்கே தன் கிட்டாரைத் தோளில் மாட்டினான். "மன்னிப்பு கேக்கட்டுமா?"

"அப்புறம் கேளு. இப்ப சுருதி சேரு."

தலைவர் மொலெந்தே வெள்ளைக் காலணியோடு வந்தார். மரத்திலிருந்தவர்கள் "லுக்காவு! லுக்காவு!" என்று கத்துவதைக் கேட்டார். எதிரில் மச்சான், ஐரோப்பாக் குளிருக்கென்று வாங்கிய தோல் கோட்டை இந்த வெயிலிலேயே மாட்டிக்கொண்டு, புது மராக்கஸோடு வியர்த்து வழிந்தான். தலைவர் அவனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரியாமலா இருபது வருடம் தலைவராக இருக்கிறார்? மைக்கைப் பிடித்தார்.

"நான்தான் எப்பவும் சொல்வேனே, லுக்காவு நம்ம குழுவோட உசுருன்னு! ஒன்பது பேர்ல முதல் பேரு அவன்தான்!"

வெட்கம் என்பதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மச்சான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பாட்டு தொடங்கியது. தலைவர் கெஞ்சி முடித்தார், செபென் வந்தது. லுக்காவு ஏறினான். அத்தலாக்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "லுக்காவு! லுக்காவு!" என்று கூவினான். முற்றம் முழுவதும் சேர்ந்து கூவியது.

லுக்காவின் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, பாதி இழையில், உச்சியில் அப்படியே நின்றுவிட்டது. தாளம் மட்டும் ஓடியது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை விட்டார்கள். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பொசெங்கே தன் பறத்தலை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து அவனுக்கு இடம் பிடித்து வைத்தான். வாசித்துக்கொண்டே பக்கத்தில் சாய்ந்தான்.

"என்னய்யா, வா."

"பேரைக் கூப்பிட்டா காது அந்தப் பக்கம் போயிடுதுடா," என்றான் லுக்காவு. "நீ எப்படி இத்தனை வருஷம் வாசிச்ச?"

"நான் எங்க வாசிச்சேன்? அந்த இடத்துல நான் சும்மாத்தானே நின்னேன்."

லுக்காவு மூக்கை உறிஞ்சினான். மத்தளக்காரனின் இடது காலைக் கேட்டான். கால் விழுந்தது. அவன் இறங்கினான்.