ஷட்டவுன் லீவு

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தமிழ்மதிக்குக் கை ஓய்ந்துவிட்டது. உள்ளே அப்பா நல்லுசாமியின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. சாணார்பட்டிப் பக்கம் இன்றைக்கு மாசாந்திர ஷட்டவுன். சாகிறதுக்கும் ஒரு நாள் பார்த்தார் பாரு இந்த மனுசன்!

"ஏத்தா, சாயங்காலந்தான் கரண்ட் வருமாம். அதுவரைக்கும் தாங்காது, எடுத்துருவோம்" என்றார் சித்தப்பா பொன்னழகு.

"தம்பி மதுரை தாண்டிட்டான் சித்தப்பா. ஐஸ் கட்டிக்குச் சொல்லிவிட்டிருக்கேன். மொகத்தையாவது பாக்கட்டும்."

"மகன் கூடங்குளத்துல ஊருக்கே கரண்ட் எடுக்குறான், அப்பன் பெட்டிக்குக் கரண்ட் இல்ல. அம்புட்டும் எங்கதான் போகுதோ!"

அப்பா உயிரோடு இருந்தால் இதற்குச் சண்டைக்கு வந்திருப்பார். கத்தரித் தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வருமென்று பார்த்தே தூங்கி எழுந்தவர். அணுவில் எடுக்கிற கரண்ட் வந்துவிட்டால் நாள் முழுக்க மோட்டார் ஓடும், அதை எடுக்கிறவன் என் மகன் என்று டீக்கடையில் சொல்லி மாய்ந்துபோவார். தம்பி அழகுராஜா அங்கே காண்ட்ராக்டில் வெல்டர். அவ்வளவுதான்.

போன வாரம் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று தமிழ்மதி கெஞ்சினாள். பிடித்தால் பிடித்ததுதான் அவருக்கு. "பய போன்ல சொன்னான், அங்க ஷட்டவுனாம். நாளைக்கோ மறுநாளோ வந்துருவான். அவங்கூடப் போயிக்கிறேன்" என்றார். அவளும் நம்பினாள். இங்கே ஷட்டவுன் என்றால் மில்லுக்கு லீவு, பட்டறைக்கு லீவு, மாவரைக்கிற கடைக்குக்கூட லீவு. கரண்டே எடுக்காத நாளில் ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கப்போகிறது?

இன்று காலையில் பஸ் ஏறியபோதுதான் அழகுராஜா போனில் அழுதுகொண்டே சொன்னான். "உலைய நிறுத்துனாத்தான்க்கா எங்களுக்கு வேலையே. ஷட்டவுன் முடியிறவரைக்கும் ஒருத்தனுக்கும் லீவு கெடையாது."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. அப்பா மேலா, தம்பி மேலா, தன் மேலேயேவா என்று தெரியவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை.

ஐஸ் கட்டி வந்த கொஞ்ச நேரத்தில் அவனும் வந்துவிட்டான். பெட்டியின் மேல் விழுந்து அழுதான். பிறகு நிமிர்ந்து, "முன்னாடியே நோவு இருந்துச்சாக்கா? ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்றான்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அது வந்து அப்பு, நீ ஷட்டவுன்னு சொன்னதுல..."

"தூக்கத்துலயே போயிட்டாரு" என்று தமிழ்மதி குறுக்கே விழுந்தாள். "ஒரு நோவும் இல்ல. சித்தப்பா, அப்பாவக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க நேரமாகலையா?"

சித்தப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேளக்காரர்களைக் கூப்பிடப் போனார்.

அழகுராஜா மூக்கைச் சிந்தினான். "நாளையோட ஷட்டவுன் முடியுதுக்கா. முடிஞ்சதும் லீவு தாரேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அப்பாகிட்ட திடுதிப்புன்னு வந்து நிக்கலாம்னு சொல்லாம இருந்தேன். சந்தோசப்பட்டிருப்பாருல்ல?"

"பட்டிருப்பாரு."

வெளியே மேளம் தொடங்கியது. நீர்மாலைக்குப் போவதற்காக அவன் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். முதுகெல்லாம் ஈரமாக இருந்தது. அதை உதறி, கையை உள்ளே மடித்து, துவைத்துப் பீரோவில் வைக்கப்போகும் சட்டையைப் போல நீவி நீவி மடித்துக்கொண்டே இருந்தாள்.